செய்ததெல்லாம் செல்லாது

ஹோல்பேக்,
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், 1397

அன்பு மகள் அவெசூத்துக்கு,

சர்வேசுரன் தயவில் உன் அப்பன் பௌதின் நலம். வயிறும் நலம். சரக்கு ஏற்றாமலே தோணி நான் உட்காரும் பக்கம் சாய்கிறது என்றால் பார்த்துக்கொள். உன் மணிக்கட்டு கூடிவிட்டதா? கிறிஸ்துமஸுக்கு நீ விழுந்த அந்தப் படிக்கட்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெண்ட் நகரத்தில் தச்சர்களே கிடையாதா? அடுத்த நடை வரும்போது உளியும் பலகையும் எடுத்து வருகிறேன். துணி வியாபாரத்தில் மூழ்கியிருக்கும் மாப்பிள்ளை கில்லிஸுக்கு என் வணக்கம்.

இனி விஷயம். உன் தம்பி யோரிஸ் கரைச்சரிவில் கிடக்கும் மூன்றாவது குளிர்காலம் இது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கெண்டில் இருக்கும் ரோமாபுரி போப்பின் ஆட்கள் நடத்தும் மன்றத்துக்கு ஒரு மனுப் போட வேண்டும், அதனால் வரிசையாக எழுதிப் பழகுகிறேன். என் படிப்பு உனக்குத் தெரியும். பூசையில் எங்கே எழுவது, எங்கே முழங்காலிடுவது, அதற்கு மேல் லத்தீன் வராது.

ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் போட்டிக்கு ஒரு போப் என்று சபை இரண்டாகிக் கிடக்கிறதே. நம் பிரபு அவிஞ்ஞோன் போப்பின் பக்கம் சாய்ந்த வருஷம் நம் லாம்பெர்ட் சாமியாரும் சாய்ந்தார். வெள்ளிக்கிழமை பூசையில் ரோமில் இருந்த போப்புக்காக வேண்டினார், ஞாயிற்றுக்கிழமை அவிஞ்ஞோனில் இருந்தவருக்காக. நடுவில் ஒரு சனிக்கிழமைதான். மறு வருஷம் உன் கல்யாணம். அந்த வருஷக் கடைசியில் ஒரு சந்தை நாளன்று யோரிஸ், லாம்பெர்ட் பக்கம் திரும்பியதைக் கேலி செய்து, தன் மேலங்கியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தான். ஊரே சிரித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த தபசுகாலத்துக்கு முன் அவன் மதகடியில் பிணமாக மிதந்தபோது லாம்பெர்ட் சொன்னது ஒரே வரி: "தானா குதிச்சு செத்தவனுக்கு மந்திரிச்ச மண்ணுல இடமில்ல." உன் அம்மா கோயில் மதிலுக்கு உள்ளே. அவள் பிள்ளை, வெள்ளத்தில் செத்த மாடுகளைப் புதைக்கிற சரிவில்.

எனக்கு வேண்டியது இதுதான். அவிஞ்ஞோன் ஆளாகிவிட்ட ஒருவர் சொன்ன தீர்ப்பு செல்லாது என்று கெண்ட் மன்றம் எழுதித் தர வேண்டும். யோரிஸ் அவன் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். லாம்பெர்ட் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றில் எது முக்கியம் என்று கேட்காதே, கேட்டால் கடைசியைச் சொல்லிவிடுவேன்.

பாஸ்குத் திருநாளுக்கு ஊர் முழுவதையும் தோணியில் ஏற்றிக்கொண்டு கெண்டுக்கு வருகிறேன், ரோம் பக்கத்துப் பூசைக்கு. லாம்பெர்ட் சுவர்களுக்கு நற்கருணை கொடுக்கட்டும். மன்றத்து எழுத்தரை அங்கே யாருக்காவது தெரியுமா என்று விசாரித்து வை.

உன் பருமனான அப்பன்,
பௌதின்


கெண்ட்,
விபூதிப் புதன்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் தோணியின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார்.

மணிக்கட்டு கூடிவிட்டது. படிக்கட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படிக்கட்டில் குறை ஒன்றும் இல்லை. உளி கொண்டுவர வேண்டாம்.

யோரிஸை நினைத்துக்கொண்டேன். மனுவைப் பற்றி அவர் கீழே எழுதுவார்.

பணிவுள்ள மகள்,
அவெசூத்

மாமாவுக்கு வணக்கம். நெசவாளர் சங்கத் தலைவர் பதவிக்கு இந்த வருஷம் என் பெயர் அடிபடுகிறது. இந்த நேரத்தில் நம் குடும்பத்தின் பெயர் மன்றத்து வாசலில் அலைவது எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவனுக்கு எந்த மண் என்பது சர்வேசுரன் பாடு. அவெசூத்துக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, எழுத்தர்களைத் தேடி அலைய நேரமில்லை. நலம் விரும்பும் கில்லிஸ்.


ஹோல்பேக்,
பாஸ்குவுக்குப் பின் வந்த வாரம்

அன்பு மகளுக்கு,

ஜுரம் விட்டதா? கஞ்சி இறங்குகிறதா? முதலில் அதைச் சொல்லி எழுது, பிறகு மற்றது.

நான் உன் வீட்டு வாசலுக்கு வந்தேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். "படுத்திருக்கா மாமா, ஜுரம்" என்றார். "தூர நின்னு மூஞ்ச பாத்துட்டுப் போறேனே மாப்ள" என்றேன். "தொத்திக்கும், வயசான ஒடம்பு" என்றார். என் உடம்பின் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கே புதிது. பாலாடைக்கட்டியை அவர் கையில் கொடுத்தேன். மாடி ஜன்னலில் யாரோ நிற்பது போலிருந்தது. வேலைக்காரி என்றார்.

இனி சந்தோஷ சமாச்சாரம். என் தோணியிலும் பீட்டின் தோணியிலுமாக ஊரே வந்தது. பெரிய வியாழன் அன்று கிளம்பும்போது ஆலைக்காரரின் மனைவி மட்டும் கரையில் நின்று தயங்கினாள்.

"லாம்பெர்ட் சாமி என்ன நெனப்பாரு?"

"அவரு நெனக்கணும்னுதானே போறோம், ஏறு."

"நீ ஒன் பையனுக்காகப் பழி வாங்குற. நாங்க எதுக்குப் பௌதின் ஒன் தோணியில தொங்கணும்?"

"அப்ப எறங்கிக்க. ஆனா போன வருஷம் ஒன் மாமியாரு சாகக் கெடந்தப்ப அவஸ்தை பூசினவரு எந்தப் போப்போட ஆளுன்னு யோசிச்சுப் பாரு. கெழவி இப்ப எங்க நிக்கிறாளோ."

ஏறிவிட்டாள். பாவம், வழியெல்லாம் மாமியாருக்காக அழுதாள்; உயிரோடு இருந்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள்.

லாம்பெர்ட்டின் பாஸ்குப் பூசையைக் கோயில்பிள்ளை பாவ்வெல்ஸ் வந்து சொன்னான். "'ஆண்டவர் ஒங்களோட இருப்பாராக'ன்னு திரும்பினாரு அண்ணே. நானும் ஒரு புறாவும்தான் இருந்தோம்." "பதில் யாரு சொன்னது?" "நான் இருமினேன்." மகளே, மூன்று வருஷத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கோயில் வாசலில் உன் சிநேகிதி கெர்ஸ்டீன் சகோதரியைப் பார்த்தேன். கல்யாணம் கட்டாமல் ஜெபமும் வேலையுமாக வாழும் பெகின் பெண்கள் குடியிருப்பில் நூல் நூற்கிறாளே, அவள்தான். என் மனுவை அவளிடம் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவள் கையிலேயே அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போடு.

அப்பன்,
பௌதின்


கெண்ட்,
புனித அருளப்பர் திருநாள்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். வீட்டில் மை தீர்ந்திருந்தது.

நான் சுகம். பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார். சங்கத் தேர்தல் புனித மார்ட்டின் திருநாளுக்கு என்று முடிவாகியிருக்கிறது, வீட்டுக்கு நிறையப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். நான் மாடியில் இருந்துகொள்கிறேன்.

அவர் இதைப் பார்த்துவிட்டார். உங்களுக்கு வணக்கம் சொன்னார்.

மகள்,
அவெசூத்

(மடிப்புக்குள், பொடி எழுத்தில்) மனு போய்ச் சேர்ந்தது.


ஹோல்பேக்,
மாதா மோட்சம் ஏறின திருநாள்

என் செல்ல மகளுக்கு,

நீ நலம்தானே, மாப்பிள்ளை நலம்தானே, எல்லோரும் நலம்தானே. இன்றைக்கு எனக்கு உலகமே நலம்.

தீர்ப்பு வந்துவிட்டது. அரக்கு முத்திரையோடு வந்தது. லத்தீன் தெரிந்த ஒருவரைப் புரூஜ் போகும் வழியில் பிடித்து, தோணியில் உட்காரவைத்து, இலவசமாகக் கொண்டுபோய் விட்டு, வழியெல்லாம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அந்த ஆள் கடைசியில் நடந்தே போகிறேன் என்றார். நான் கேட்டது யோரிஸைப் பற்றிய ஒரு தீர்ப்பை மட்டும். மன்றம் கொடுத்திருப்பது என்ன தெரியுமா? ஹோல்பேக் லாம்பெர்ட் அவிஞ்ஞோன் பக்கம் போன நாளிலிருந்து செய்த தீர்ப்புகள், கொடுத்த பாவமன்னிப்புகள், வாங்கித் தந்த அனுமதிகள், எல்லாம் செல்லாது. எல்லாம். எழுத்தர் என்னைவிடக் கோபக்காரர் போலிருக்கிறது. அவர் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடு போட்டேன்.

ஊர் கலகலத்துப் போயிருக்கிறது. ஆலைக்காரர் தன் ஐந்து வருஷப் பாவத்தையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம். "பாதி மறந்துபோச்சு பௌதின்" என்று தலையில் கை வைத்திருக்கிறார். "ஒம் பொண்டாட்டிய கேளு, அவ மறந்திருக்க மாட்டா" என்றேன்.

லாம்பெர்ட்டிடம் தீர்ப்பை நானே கொண்டுபோய் நீட்டினேன். படித்தார். உதடு மட்டும் அசைந்தது. "ஒனக்கு இதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா புரிஞ்சுதா?" என்று கேட்டார். "எனக்கு வேண்டியது புரிஞ்சுது" என்றேன்.

மிக்கேல் சம்மனசு திருநாளுக்குக் கெண்டிலிருந்து ஒரு சாமியார் வருகிறார். யோரிஸைத் தோண்டி எடுத்து உன் அம்மா பக்கத்தில் வைக்கிறோம். மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்து நீயும் வா.

பூரித்துப்போன அப்பன்,
பௌதின்


கெண்ட்,
மாதா பிறந்த திருநாள்

பௌதின் மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நீங்கள் செய்திருப்பது என்னவென்று தெரியுமா? எனக்கும் உங்கள் மகளுக்கும் நாலு தலைமுறைக்குள் உறவு உண்டு. சபைச் சட்டப்படி கட்டக்கூடாது. விலக்கு அனுமதி வாங்கித்தான் கட்டினோம். அந்த அனுமதியை அவிஞ்ஞோன் பக்கத்து ஆயரிடமிருந்து வாங்கித் தந்தது யார்? லாம்பெர்ட். "வாங்கித் தந்த அனுமதிகள் செல்லாது" என்றால் என் கல்யாணமும் செல்லாது. கட்டாத பெண்ணோடு வாழ்ந்தவன் என்று என்னை மன்றம் அழைத்திருக்கிறது. சங்கத்தில் எனக்கு எதிராக நிற்கிறவர்கள் இதைத் தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உங்கள் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். அவளைத் தெருவில் நிற்கவைத்தது நீங்கள். இதைத் திருப்புங்கள். அந்த அனுமதி எந்த வருஷம் வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் லாம்பெர்ட். அவர் பக்கம் மாறுவதற்கு முன்பே வந்தது என்று எழுதிக் கொடுத்தால் மன்றம் ஏற்கும். அவர் காலில் விழுவீர்களோ, தலையில் தூக்கி வைப்பீர்களோ எனக்குத் தெரியாது.

கில்லிஸ்


ஹோல்பேக்,
புனித மத்தேயு திருநாள்

மகளே,

எப்படி இருக்கிறாய்? அழாதே. இதை எழுதும்போது என்னால் கேலி பேச முடியவில்லை, அதனால் எழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கல்யாணத்தன்று போப் யார் என்றா கவலைப்பட்டேன்? வாத்து வெந்ததா, பீர் போதுமா, இதுதான் கவலை. அனுமதிச் சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. லாம்பெர்ட்டை நோக்கி எறிந்த கல் உன் நெற்றியில் விழுந்திருக்கிறது.

நேற்று அவரிடம் போனேன். கணப்புப் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சமையல்காரி போய்விட்டாளாம்.

"வா பௌதின். கோயிலுக்கு வழி இன்னும் ஞாபகம் இருக்கா?"

"பூசைக்கு வரல சாமி."

"தெரியும். சாமின்னு கூப்பிட்டியே, அதுலயே தெரியுது. ஒங்க மன்றத்துக் கணக்குப்படி நான் சாமியாரே இல்ல. இல்லாத சாமியார்கிட்ட என்ன கேக்க வந்தே?"

சொன்னேன். பட்டாணி உரிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"எழுதித் தாரேன். மிக்கேல் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு கோயில் வாசல்ல நின்னு, ஊர் கேக்க, 'எம் மவன் தானா குதிச்சுதான் செத்தான், சாமி செஞ்சது சரி'ன்னு சொல்லு. நீ சொல்லி முடிச்சதும் கெண்டுக்கு என் எழுத்து போவும்."

"வேற எதாச்சும் கேளுங்க. தோணிய எடுத்துக்கங்க."

"தோணிய வெச்சுக்கிட்டு நான் எங்க போக? ஒம் பையன் அங்கிய திருப்பிப் போட்டுக்கிட்டு சுத்தினப்ப ஊரு சிரிச்சுது. அதே ஊரு அதே வாசல்ல ஒன்னப் பாக்கணும். அது போதும் எனக்கு."

நானும் பழி வாங்குகிறவன்தான், அதனால் அந்த ஆளை எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் எரிந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். யோரிஸ் செத்தவன், நீ உயிரோடு இருக்கிறாய். கெண்டிலிருந்து வரவிருந்த சாமியாரை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். உன் வீடு உனக்குத் திரும்பும். மாப்பிள்ளையிடம் சொல்.

அப்பன்


ஹோல்பேக்,
மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு முந்தின வியாழன்

மகளே,

நலமா என்று மூன்று பேரிடம் சொல்லியனுப்பிவிட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது.

ஞாயிறன்று சொல்ல வேண்டியதைத் தோணியில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். "எம் மவன் தானா" வரைக்கும் வருகிறது.

பௌதின்


கெண்ட், பெகின் பெண்கள் குடியிருப்பு,
அதற்கு மறுநாள்

அப்பா,

நான் நலம். இந்த ஒரு முறை அது உண்மை. இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன் யாரும் வாசிக்கவில்லை. நான் கெர்ஸ்டீனின் அறையில் இருக்கிறேன். வெளிக்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது, தாழ் போட்டது நான்.

படிக்கட்டில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேனே, அதற்கு மேல் வெளிப்படையாக எழுத வழியில்லாமல் இருந்தது. மணிக்கட்டை ஒடித்தது அவர். இரண்டு வருஷம் முன் வயிற்றில் ஐந்து மாதத்தில் கலைந்ததே, அதுவும் அவர் காலால்தான். பாஸ்குவன்று எனக்கு ஜுரம் இல்லை. கண் வீங்கியிருந்தது. ஜன்னலில் நின்று உங்கள் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் நீங்கள் உளியோடு வந்திருப்பீர்கள். கட்டின புருஷனிடமிருந்து பெண்ணை எந்தச் சட்டத்தில் பிரிப்பீர்கள்? போன வருஷம் இங்கே ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொறுமையாக இரு என்றார், போய் என் புருஷனிடமே சொன்னார். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று எழுத மாட்டேன்.

அப்புறம் கெர்ஸ்டீன் உங்கள் மனுவைக் கொண்டுவந்து காட்டினாள். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவளோடு மன்றத்துக்குப் போனேன். எழுத்தர் கேட்டார், "இந்த ஒரு தீர்ப்ப மட்டும் ரத்து பண்ணணுமா, இல்ல அந்த ஆள் செஞ்ச எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும்" என்று நான்தான் சொன்னேன். "வாங்கித் தந்த அனுமதிகளையும் மறக்காம எழுதுங்க" என்றும் சொன்னேன். தேர்தலுக்கு முன் தீர்ப்பு வர வேண்டுமென்று கெர்ஸ்டீனை வாரா வாரம் அனுப்பினேன். அந்தத் தலைவர் நாற்காலியைத் தவிர அவர் இந்த உலகத்தில் எதையும் ஆசையாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. உங்கள் கல் குறி தவறவில்லை அப்பா. கையைப் பிடித்துத் திருப்பியது நான்.

தீர்ப்பு வந்த பிறகு அவர் என்னை அறையில் பூட்டி வைத்திருந்தார். நேற்று சாயங்காலம்தான் வேலைக்காரி திறந்துவிட, உங்கள் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதனால்தான் உங்கள் கடிதங்களுக்குப் பதில் இல்லை. நேற்றுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். என் வீடு எனக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய்த் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் நின்று அதைச் சொல்லாதீர்கள். பீட்டிடம் நில்லாமல் தோணியை ஓட்டச் சொல்லி இதைக் கொடுக்கிறேன்.

அவெசூத்


ஹோல்பேக்,
அக்டோபர் முதல் திங்கட்கிழமை

என் மகளே,

உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை. நாலு வருஷம் கேட்டுக் கேட்டு என்ன தெரிந்துகொண்டேன்? உளி கொண்டு வருகிறேன் என்றவன் நான். போகட்டும். அதை நேரில் பேசிக்கொள்வோம், அல்லது பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

பீட் சனிக்கிழமை பொழுது சாயும்போது வந்தான். படித்தேன். படித்துவிட்டுத் தோணிக்குள் போய்ப் படுத்தேன். தூங்கினேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

ஞாயிறன்று கோயில் வாசல் நிறைந்திருந்தது. பூசைக்கு வராத ஊர் வேடிக்கைக்கு வரும். லாம்பெர்ட் திருநாள் உடுப்பில் நின்றார். வெள்ளி சரிகை. மணி அடித்து ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, "சொல்லு பௌதின்" என்றார், குழந்தைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவரைப் போல.

"எம் மவன் வழுக்கி விழுந்தானா, தானா குதிச்சானான்னு எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். "தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது சாமி. தெரியாமத்தானே தீர்ப்பு சொன்னீங்க. அந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு கெண்டுல எழுதிட்டாங்க. எம் பொண்ணு கல்யாணமும் செல்லாதுன்னுட்டாங்க. நேத்து வரைக்கும் அதுக்கு அழுதேன். இன்னைக்கு அழல. நீங்க கட்டினது எல்லாம் அவிழ்ந்துபோச்சு, ரொம்ப சந்தோசம்."

"ஒம் பொண்ணு தெருவுல நிக்கப் போறா" என்றார்.

"நிக்கட்டும். தெருவுல யாரும் அவள ஒதைக்க மாட்டாங்க."

அவருக்கு அது புரியவில்லை. ஊர்ப் பெண்களுக்குப் புரிந்தது. ஆலைக்காரரின் மனைவி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

லாம்பெர்ட் கோயில்பிள்ளை பக்கம் திரும்பி, "மணி அடிடா" என்றார். பாவ்வெல்ஸ் கயிற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "யாருக்கு சாமி?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதைவிடப் பெரிய அடி அந்த மனிதருக்கு வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது. அந்த உடுப்புக்குள் அவர் சுருங்கிப்போனதை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். பழி கசக்கும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எனக்கு இனித்தது.

நான் கரைக்கு நடந்தேன். எனக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நடை தளர்ந்திருக்கும். யோரிஸை எடுத்தோம். அதைப் பற்றி எழுத மாட்டேன். கோயில் கல்லறைக்குக் கொண்டுவந்து உன் அம்மாவின் இடது பக்கத்தில் குழி வெட்டினோம். கெண்டுச் சாமியாரை நான்தான் வராமல் செய்துவிட்டேனே. உள்ளூர்ச் சாமியார் செல்லாது. யார் மந்திரிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் பாவ்வெல்ஸ் தனக்குத் தெரிந்த பாதி ஜெபத்தைச் சொன்னான், மீதியை ஆலைக்காரரின் மனைவி சொன்னாள். மண் தள்ளினோம். வானம் இடிந்து விழவில்லை. திரும்பும் வழியில் யாரோ, "இது இவ்ளோதானா?" என்று கேட்டார்கள்.

மன்றம் உன்னை என்ன செய்யப்போகிறது என்று உடனே எழுது.

அப்பன்,
பௌதின்


கெண்ட்,
சகல புனிதர் திருநாள்

அப்பா,

நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கெர்ஸ்டீனைவிட மோசமாக நூற்கிறேன்.

லாம்பெர்ட்டின் எழுத்து வரவில்லை என்பதால் மன்றம் முடித்துவிட்டது. கல்யாணம் செல்லாது. செல்லாத கல்யாணத்தில் சேர்ந்து வாழ்ந்ததற்கு இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. வருகிற ஞாயிறை விட்டு அடுத்த மூன்று ஞாயிறும், பெரிய பூசை முடியும்வரை, உள்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, கையில் எரிகிற மெழுகுதிரியோடு, சனங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமையே புனித மார்ட்டின் திருநாள், சங்கத் தேர்தல் நாள். தவணை கேட்டு அழுது பார்த்தார். கிடைக்கவில்லை. சங்கத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு வேண்டுமானால் பெண் என்பதால் குறைக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் பயமில்லாமல் நிற்கப்போவது இதுதான் முதல் தடவை. ஒரு ஞாயிறைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் ஞாயிறு முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் மகள்,
அவெசூத்


ஹோல்பேக்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின வியாழன்

இதுவரை மாப்பிள்ளை என்று எழுதிவந்த கில்லிஸ் அவர்களுக்கு, தோணிக்காரன் பௌதின் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் நலம். தங்கள் நலத்தை இந்த முறை மனதார விசாரிக்கிறேன். வருகிற மூன்று ஞாயிறும் தங்களுக்கு ஒரு தலைவலிகூட வரக்கூடாது என்று என் ஆயுளில் இல்லாத பக்தியோடு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோயிலின் தரை கருங்கல். நவம்பர் மாதத்தில் அது எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும், மூட்டை இறக்கப் போனபோது நின்றிருக்கிறேன். அதனால் முன்னேற்பாடாக இப்போதே வெறுங்காலில் நடந்து பழகவும்.

நாங்கள் சனிக்கிழமை வந்து சேர்கிறோம். ஹோல்பேக்கிலிருந்து இரண்டு தோணி. ஆலைக்காரரின் மனைவி சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடிக்கிறேன் என்றிருக்கிறாள். தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தங்களுக்கு நெசவாளர் சங்கத்தில் அவ்வளவு பேரைத் தெரியும், அவர்களும் வருவார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. தண்டனை நேரத்தில் மெழுகுதிரி அணையக்கூடாதாம். அணைந்தால் உடனே மறுபடி ஏற்றிக் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த ஞாயிறு கணக்கில் சேராதாம். கோயிலில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே காற்றைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம். என் மகளுக்கும் தங்களுக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில், மூன்று ஞாயிறும் நான் நின்றுகொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பௌதின்